பிரெஞ்சு ஹார்னில் கால்சுரம் வாசிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இசைத்தாளில் கால்சுரக் குறியை (அரைச்சுரத்தில் பாதி அளவு ஏற்ற இறக்கத்துக்கான குறி) பார்த்ததும் பெரும்பாலான ஹார்ன் வாசிப்பாளர்கள் உதட்டைத்தான் நம்புகிறார்கள். தெரிந்த சுரம் ஒன்றைப் பிடித்து, உதட்டைத் தளர்த்திக் கீழே தள்ளுகிறார்கள். ஒரு தடவை சரியாக விழும், அடுத்த தடவை விழாது. பத்து நிமிடம் இப்படிப் பழகினால் உதடும் களைத்துவிடும், நல்ல சுரங்களின் சுருதியும் ஆட்டம் காணும்.

உண்மையில் கால்சுரங்களில் பாதிக்கு மேல் ஹார்னின் குழாய்க்குள் ஏற்கெனவே இருக்கின்றன. வழக்கமான இசைக்கு உதவாது என்று நாம் ஒதுக்கிவைத்த சீரிசைகளும் (அதாவது ஹார்மோனிக்குகளும்; குழாய் நீளம் மாறாமல் உதட்டை மாற்றினால் வரிசையாக வரும் சுரங்கள்), சுருதி சேராத வால்வுக் கூட்டணிகளும்தான் அவை. அதனால் முதலில் குழாய், அடுத்து பெல்லுக்குள் (ஹார்னின் விரிந்த வாய்க்குள்) இருக்கும் கை, கடைசியாக உதடு என்ற வரிசையிலேயே இந்த வழிகாட்டி போகிறது. இங்கே சொல்வது எல்லாம் எஃப்/பி ஃப்ளாட் இரட்டை ஹார்னுக்கு. அதில் நீளமான எஃப் பக்கம், குட்டையான பி ஃப்ளாட் பக்கம் என்று இரண்டு குழாய்ப் பாதைகள் உண்டு, கட்டைவிரல் வால்வால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். ஒற்றை ஹார்ன் வைத்திருப்பவர்கள் தங்கள் பக்கத்துக்கு உரியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

எதை அளக்கிறோம்

ஓர் அரைச்சுரம் 100 சென்ட், கால்சுரம் 50 சென்ட். அதிர்வெண்ணில் சொன்னால் ஒவ்வொரு கால்சுரமும் முந்தையதைப்போல் 1.0293 மடங்கு. 440 ஹெர்ட்ஸ் ஏ-வுக்கு ஒரு கால்சுரம் மேலே 452.9 ஹெர்ட்ஸ், இன்னொரு கால்சுரம் ஏறினால் 466.2 ஹெர்ட்ஸ்.

கீழே வரும் சுரப்பெயர்கள் எல்லாம் எஃப் ஹார்னுக்கு எழுதப்படும் சுரங்கள். காதில் கேட்பது அதற்கு ஏழு அரைச்சுரம் கீழே. நடு சி என்பது சி4, அதற்கு ஒரு ஸ்தாயி மேலே சி5. பெயருக்குப் பின்னால் + இருந்தால் 50 சென்ட் மேலே என்று பொருள்: இ5+ என்றால் இ-க்கும் எஃப்-க்கும் நட்டநடுவே. விரல்நிலையில் 0 என்றால் எந்த வால்வையும் அழுத்தவில்லை.

டியூனரில் (சுருதியை அளந்து காட்டும் கருவியில்) ஒரு சிறு தந்திரம் செய்தால் வேலை பாதியாகிவிடும். ஆதார சுருதியை 453 ஹெர்ட்ஸுக்கு மாற்றிவையுங்கள். இப்போது கால்சுரங்கள் எல்லாம் முள்ளின் நடுவிலேயே வந்து நிற்கும். இ5+ வாசித்தால் டியூனர் இ என்று காட்டும், முள் பூஜ்யத்தில் இருக்கும். 440-லேயே வைத்துக்கொண்டு +50-ஐப் பிடிக்கப் பார்த்தால், முள் இ-க்கும் எஃப்-க்கும் இடையே தாவித் தாவிக் குழப்பும். உங்கள் டியூனர் 446 வரைதான் ஏறும் என்றால் அதில் வைத்து, முள் +27-இல் நிற்பதை இலக்காகக் கொள்ளுங்கள்.

ஸ்லைடுகளை நிலைநிறுத்துவது

வழக்கமான சுருதி தெளிவாக இல்லாத ஹார்னில் கால்சுரத்தைத் தேடுவது வீண் வேலை. முதலில் பதினைந்து, இருபது நிமிடம் வாசித்துக் குழாயைச் சூடாக்குங்கள். உள்ளே இருக்கும் காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் ஏறும். குளிர்ந்த ஹார்னில் எடுத்த அளவுகள் அரை மணி நேரத்தில் பொய்யாகிவிடும். தண்ணீரையும் வெளியேற்றிவிடுங்கள்.

பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்லைடுகளை (உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் சுருதி சேர்க்கும் குழாய்த் துண்டுகளை) நகர்த்தி இப்படிச் சேருங்கள்: 2-ஆம் வால்வு தனியாக 100 சென்ட், 1 தனியாக 200, 3 தனியாக 300 இறக்க வேண்டும். மூன்றாவதில்தான் கவனம் தேவை. பலர் 2-3 கூட்டணி சுருதி சேரட்டும் என்று மூன்றாம் ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்திருப்பார்கள். அது அன்றாட வாசிப்புக்கு நல்ல பழக்கம். ஆனால் கால்சுர வேலைக்கு அதை மீண்டும் உள்ளே தள்ளுவது நல்லது.

காரணம் இது. ஒவ்வொரு வால்வும் சேர்க்கும் குழாய், வெறும் ஹார்னின் நீளத்தைக் கணக்கில் வைத்து வெட்டப்பட்டது. இரண்டு வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது ஹார்ன் ஏற்கெனவே நீண்டுவிட்டதால், அந்தக் கூடுதல் குழாய் போதாமல் போகிறது. மேலே சொன்னபடி சேர்த்த ஹார்னில் 1-2 கூட்டணி 11 சென்ட் கூடுதலாக ஒலிக்கும், 2-3 கூட்டணி 15, 1-3 கூட்டணி 30, 1-2-3 கூட்டணி 53. கடைசி எண்ணைக் கவனியுங்கள்: மூன்றையும் அழுத்தினால் ஆறு அரைச்சுரம் இறங்க வேண்டிய இடத்தில் ஐந்தரைதான் இறங்குகிறது. வழக்கமான இசையில் தலைவலியாக இருக்கும் இந்தப் பிழை இங்கே பெரிய வரம். மூன்றாம் ஸ்லைடை 2-3 சுருதி சேரும் அளவுக்கு இழுத்துவைத்தால் இந்த 53 ஏறக்குறைய 40 ஆகச் சுருங்கிவிடும்.

இந்த எண்கள் கணக்கு தருபவை. உங்கள் ஹார்னின் வடிவம், மவுத்பீஸ், கை அளவு எல்லாம் சேர்ந்து ஐந்து, பத்து சென்ட் இங்குமங்கும் தள்ளும். அதனால் கீழே உள்ள பட்டியலை ஒருமுறை டியூனரோடு வாசித்து, உங்களுக்கு வரும் எண்ணைப் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

பதினொன்றாம் சீரிசை

எஃப் பக்கத்தில் வால்வு எதையும் அழுத்தாமல் சி5-இலிருந்து மேலே ஏறினால் 8, 9, 10, 11, 12 ஆகிய சீரிசைகள் சி, டி, இ, பிறகு ஒரு விசித்திரமான சுரம், பிறகு ஜி என்று வரும். அந்த விசித்திரம்தான் பதினொன்று. எட்டாவதற்கு 551 சென்ட் மேலே நிற்கிறது. எஃப்5+ இருக்க வேண்டிய இடம் 550. ஒரே ஒரு சென்ட் வித்தியாசம், அதை எந்தக் காதும் கண்டுபிடிக்காது. இந்த எஃப்5+ எந்தக் கையசைப்பும் இல்லாமல், முழு நாதத்தோடு, எந்தப் பலத்திலும் வரும்.

இதையே வால்வுகளால் கீழே நகர்த்தலாம். 2-ஐ அழுத்தினால் இ5+, 1-ஐ அழுத்தினால் இ ஃப்ளாட்5+. பி ஃப்ளாட் பக்கத்தில் வால்வு இல்லாமல் பதினொன்று பி ஃப்ளாட்5+, 2-ஐ அழுத்தினால் ஏ5+, 1-ஐ அழுத்தினால் ஏ ஃப்ளாட்5+. இந்த ஆறும் அப்பழுக்கற்றவை. கூட்டணிகளுக்கு வரும்போதுதான் மேலே சொன்ன 11, 15, 30 சென்ட் பிழைகள் குறுக்கிடுகின்றன. அங்கே ஏழாம், பதின்மூன்றாம் சீரிசைகளிடம் போக வேண்டும்.

ஏழாவது, வழக்கமான சுரத்துக்கு 31 சென்ட் தாழ்வு. கால்சுரத்துக்கு இன்னும் 19 சென்ட் இறங்க வேண்டும், அதைக் கை எளிதாகச் செய்யும். பதின்மூன்றாவது, எட்டாவதற்கு 841 சென்ட் மேலே, அதாவது கால்சுரத்துக்கு 9 சென்ட் குறைவு. சுருதியில் அருமையானது, ஆனால் பிடிப்பது சிரமம். பன்னிரண்டும் பதினான்கும் இருபக்கமும் நெருக்கி நிற்பதால் சற்றே தவறினாலும் அடுத்த சுரத்தில் விழுந்துவிடும்.

பி4+ முதல் பி ஃப்ளாட்5+ வரை

ஒரு முழு ஸ்தாயிக்கும் கையசைப்பு ஏறக்குறைய இல்லாத விரல்நிலைகள் இவை.

பி4+: பி ஃப்ளாட் பக்கம் 1-2-3, எட்டாம் சீரிசை. 3 சென்ட் கூடுதல்.

சி5+: பி ஃப்ளாட் பக்கம் 1, ஏழாம் சீரிசை. 19 சென்ட் கூடுதல், கையைச் சற்று மூடுங்கள். எஃப் பக்கம் 1-3-இல் பதினொன்றைத் தேடாதீர்கள். அது 31 சென்ட் மேலே போய் சி ஷார்ப்பின் கிட்டே நிற்கும்.

சி ஷார்ப்5+: எஃப் பக்கம் 1-2-3, பன்னிரண்டாம் சீரிசை. 5 சென்ட் கூடுதல். மாற்று: எஃப் பக்கம் 2-3, பதினொன்று, 16 சென்ட் கூடுதல்.

டி5+: எஃப் பக்கம் 1-2, பதினொன்று. 12 சென்ட் கூடுதல். மாற்று: பி ஃப்ளாட் பக்கம் 0, ஏழாவது, 19 சென்ட் கூடுதல். வேகமான இடத்தில் மாற்றுதான் பத்திரமானது. ஏழாவதன் அண்டைச் சுரங்கள் தள்ளி நிற்பதால் வழுக்காது.

இ ஃப்ளாட்5+: எஃப் பக்கம் 1, பதினொன்று.

இ5+: எஃப் பக்கம் 2, பதினொன்று.

எஃப்5+: எஃப் பக்கம் 0, பதினொன்று.

எஃப் ஷார்ப்5+: எஃப் பக்கம் 1, பதின்மூன்று, 9 சென்ட் குறைவு. அல்லது பி ஃப்ளாட் பக்கம் 2-3, பதினொன்று, 16 சென்ட் கூடுதல். இரண்டாவது பாதுகாப்பானது.

ஜி5+: பி ஃப்ளாட் பக்கம் 1-2, பதினொன்று. 12 சென்ட் கூடுதல்.

ஏ ஃப்ளாட்5+, ஏ5+, பி ஃப்ளாட்5+: பி ஃப்ளாட் பக்கம் முறையே 1, 2, 0. மூன்றும் பதினொன்று.

இவற்றில் எதைப் பழகினாலும் முதல் எதிரி உங்கள் காதுதான். பதினொன்றாம் சீரிசையைத் தொட்டதும் பழகிய காது அதை எஃப் ஷார்ப்புக்கோ எஃப்-க்கோ இழுக்கும், உதடு தானாகவே அதற்கு இணங்கும். எந்த ஆசிரியரும் திட்டமிட்டுக் கற்றுத்தராத அளவுக்கு இந்தத் திருத்தம் ஊறிப்போயிருக்கும். அதை அடக்க, சி ஒன்றைத் தொடர் சுருதியாக ஒலிக்கவிட்டு (ஒலிக்கும் சுரம் எஃப்), அதன்மேல் 8, 9, 10, 11, 12 என்று மெதுவாக ஏறி இறங்குங்கள். பதினொன்று சரியான இடத்தில் அமரும்போது ஆதார சுருதியோடு அடிப்பு (இரு சுரங்கள் சேராதபோது கேட்கும் துடிப்பு) அடங்கி, சுரம் ஒட்டிக்கொண்டதுபோல் கேட்கும். அந்த இடத்தில் உதட்டை எதுவும் செய்யாமல் விடுவதுதான் பயிற்சி.

கீழே போனால் நிலைமை மாறும்

பி4+ க்குக் கீழே பதினொன்று கைகொடுக்காது. இங்கே இரண்டு கருவிகள்: எஃப் பக்கத்து ஏழாம் சீரிசையும், அந்த 53 சென்ட் பிழையும்.

பி ஃப்ளாட்4+ க்கு எஃப் பக்கம் 1-2-3, பத்தாம் சீரிசை. 10 சென்ட் குறைவாக வரும், கையைக் கொஞ்சம் திறந்தால் போதும். ஏ4+, ஏ ஃப்ளாட்4+, ஜி4+ மூன்றுக்கும் எஃப் பக்கம் 0, 2, 1, ஏழாம் சீரிசை, கையால் 19 சென்ட் இறக்கம். ஏ ஃப்ளாட்4+ க்கு எஃப் பக்கம் 1-2-3, ஒன்பதாவதும் இருக்கிறது, 7 சென்ட்தான் கூடுதல். எஃப் ஷார்ப்4+ க்கு எஃப் பக்கம் 1-2-3 எட்டாவது அல்லது பி ஃப்ளாட் பக்கம் 1-2-3 ஆறாவது. இரண்டும் நன்றாக வரும், ஆறாவது பிடிக்க எளிது.

இன்னும் கீழே: இ ஃப்ளாட்4+ பி ஃப்ளாட் பக்கம் 1-2-3, ஐந்தாவது. சி ஷார்ப்4+ எஃப் பக்கம் 1-2-3, ஆறாவது. பி3+ பி ஃப்ளாட் பக்கம் 1-2-3, நான்காவது. பி ஃப்ளாட்3+ எஃப் பக்கம் 1-2-3, ஐந்தாவது. எஃப் ஷார்ப்3+ எஃப் பக்கம் 1-2-3 நான்காவது.

1-3 கூட்டணியின் 30 சென்ட்டும் வீணல்ல. டி4+ க்கு எஃப் பக்கம் 1-3 ஆறாவது, சி4+ க்கு பி ஃப்ளாட் பக்கம் 1-3 நான்காவது. இரண்டிலும் மீதி இருபது சென்ட்டைக் கையைத் திறந்து ஏற்ற வேண்டும்.

எஃப்4+, இ4+ இரண்டுக்கும் நல்ல விரல்நிலை கிடையாது. வெட்கப்படாமல் எஃப் ஷார்ப்பையும் எஃப்-ஐயும் பிடித்து, கையால் பாதி, உதட்டால் பாதி இறக்குங்கள். அல்லது இந்த எல்லைக்குள் கால்சுரங்கள் நிறைய வந்தால் எஃப் ஸ்லைடு வழிக்குப் போங்கள். அதைக் கீழே பார்க்கலாம்.

கையின் வேலை

வலது கையைப் பெல்லுக்குள் மெல்ல மூடினால் சுருதி இறங்கும், திறந்தால் ஏறும். வால்வு வருவதற்கு முன்பே 18-ஆம் நூற்றாண்டின் இயற்கை ஹார்ன் வாசிப்பாளர்கள் முழு ராகங்களையே இப்படித்தான் வாசித்தார்கள். ஆகவே இது புதிய வித்தை ஒன்றுமில்லை.

விரல்களைப் பெல்லின் வெளிப்பக்கச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு, உள்ளங்கையின் அடிப்பகுதியை மட்டும் கதவு சாத்துவதுபோல் உள்ளே கொண்டுவாருங்கள். மணிக்கட்டிலிருந்து அசைவு வர வேண்டும், தோளிலிருந்து வரக் கூடாது. முழுக் கையையும் உள்ளே தள்ளினால் சுருதி இறங்குவதோடு நாதமும் அடைத்துக்கொள்ளும். 20 சென்ட் வரைக்கும் நாதத்தில் மாற்றம் அதிகம் தெரியாது. 50 சென்ட் இறக்கினால் மூடாக்குப் போட்டதுபோல் கேட்கும். அந்த நாத மாற்றத்தை ஈடுசெய்யக் காற்றைக் கூட்டினால் சுரம் உடையும் அபாயம் உண்டு. அதைவிட, பக்கத்துச் சுரங்களையும் சற்றே மூடி வாசித்து எல்லாவற்றையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவருவது புத்திசாலித்தனம். கேட்பவர் காதுக்கு உறுத்துவது ஒற்றை மங்கலான சுரம்தான், மங்கலான வரி அல்ல.

மேல் ஸ்தாயியில் கை அதிகம் வேலை செய்யும், கீழே போகப் போகப் பிடி தளரும். ஜி3-க்குக் கீழே கையை விட உதடு கேட்டபடி வளையும். அங்கே சீரிசைகள் தள்ளித் தள்ளி இருப்பதால் 50 சென்ட் உதட்டால் இறக்கினாலும் அடுத்த சுரத்தில் விழும் பயம் இல்லை. உதட்டுக்கு உண்மையான இடம் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. கையை மூடிக்கொண்டே போனால் சுருதி ஓர் எல்லைக்குப் பிறகு வழுக்கிக்கொண்டு இறங்கும். முழுவதும் மூடி அழுத்தினால் அது கீழ்ச் சீரிசைக்கு ஏறக்குறைய ஓர் அரைச்சுரம் மேலே போய் நிற்கும். அதுதான் ஸ்டாப் செய்த சுரம். பாதி மூடலுக்கும் முழு மூடலுக்கும் நடுவே உள்ள இடம் வழுவழுப்பானது. கால்சுரத்தை அங்கே தேடாதீர்கள்.

மியூட் (பெல்லில் செருகும் அடைப்பு) போட்டால் கை இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. மியூட் வரும் பகுதிக்குக் கையை நம்பாத விரல்நிலைகளை முன்கூட்டியே தேர்ந்துவையுங்கள்.

எஃப் ஸ்லைடை இழுத்து ஹார்னை இரண்டாக்குவது

பக்கம் பக்கமாகக் கால்சுரங்கள் வந்தால் இதைவிட நல்ல வழி கிடையாது. பி ஃப்ளாட் பக்கத்தை வழக்கமான சுருதியில் விட்டு, எஃப் பக்கத்தை மட்டும் ஒரு கால்சுரம் இறக்கிவிட வேண்டும். பிறகு சாதாரணச் சுரங்கள் எல்லாம் பி ஃப்ளாட் பக்கம், கால்சுரங்கள் எல்லாம் எஃப் பக்கம். எழுதியிருக்கும் கால்சுரத்துக்கு அடுத்த மேல் சுரத்தின் எஃப் பக்க விரல்நிலையைப் போட்டால் போதும். எஃப் ஷார்ப்4+ வேண்டுமா, எஃப் பக்கத்தில் ஜி4 வாசியுங்கள்.

1. முதலில் பொது ஸ்லைடை வைத்து பி ஃப்ளாட் பக்கத்தைச் சேருங்கள். பொது ஸ்லைடு இரண்டு பக்கத்தையும் நகர்த்தும் என்பதால் இதற்குப் பிறகு அதைத் தொடக் கூடாது.

2. எஃப் ஸ்லைடை 5 முதல் 5.5 சென்டிமீட்டர் வெளியே இழுங்கள். எஃப் பக்கக் குழாய் ஏறக்குறைய 3.7 மீட்டர். கால்சுரத்துக்கு அதில் 2.9 சதவீதம், அதாவது சுமார் 11 சென்டிமீட்டர் நீள வேண்டும். ஸ்லைடுக்கு இரண்டு கால்கள் இருப்பதால் இழுக்க வேண்டியது அதில் பாதி. ஒரு சென்டிமீட்டர் இழுப்பு 9 சென்ட் தரும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் டியூனரைப் பார்த்துச் சரிசெய்வது எளிது.

3. எஃப் பக்கத்து வால்வு ஸ்லைடுகளும் அதே விகிதத்தில் நீள வேண்டும். 1-ஆம் ஸ்லைடு 7 மில்லிமீட்டர், 2-ஆவது 3 மில்லிமீட்டர், 3-ஆவது ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு. இதைச் செய்யாவிட்டால் வெறும் சுரம் சரியாகவும் வால்வுச் சுரங்கள் சற்று கூடுதலாகவும் வரும். வால்வு ஸ்லைடை இழுக்கும்போது அந்தந்த வால்வை அழுத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் உள்ளே வெற்றிடம் உண்டாகி 'பட்' என்று சத்தம் வரும்.

4. இழுத்த நீளத்தை ஒரு காகிதத் துண்டில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் அந்தத் துண்டை ஸ்லைடுக்குப் பக்கத்தில் வைத்து அளந்தால் டியூனர் தேவைப்படாது.

எஃப் ஸ்லைடு அவ்வளவு நீளம் வராத ஹார்ன்களும் உண்டு. கால்கள் உள்ளே குறைந்தது இரண்டு சென்டிமீட்டராவது பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று கசியும், ஆட்டத்தில் ஸ்லைடு கழன்றும் விழும். குறைகிற பத்து, பதினைந்து சென்ட்டைப் பி ஃப்ளாட் பக்கத்தை உயர்த்தி ஈடுகட்டலாம். உங்கள் ஹார்னில் பி ஃப்ளாட்டுக்குத் தனி ஸ்லைடு இருந்தால் அதை உள்ளே தள்ளி, இரு பக்கத்துக்கும் பொதுவான ஸ்லைடை வெளியே எடுத்து மொத்தச் சுருதியைச் சேருங்கள்.

இந்த அமைப்பில் பலரும் மாட்டிக்கொள்ளும் ஓர் இடம்: முந்தைய பட்டியலின் எஃப் பக்க விரல்நிலைகள் இப்போது செல்லாது. பதினொன்றாம் சீரிசை இப்போது 50 சென்ட் இறங்கி, நல்ல சுருதியில் சாதாரண எஃப்5 ஆகிவிட்டிருக்கும்! பி ஃப்ளாட் பக்கத்து வரிகள் மட்டும் அப்படியே பொருந்தும். ஜி5-க்கு மேலே எஃப் பக்கம் நம்பகமாக இருக்காது என்பதால், அங்கே வரும் கால்சுரங்களுக்குப் பி ஃப்ளாட் பக்கத்துப் பதினொன்றையே பயன்படுத்துங்கள்.

இரு பக்கமும் மாறி மாறிப் போவதால் கட்டைவிரலுக்கு வேலை அதிகம். எஃப் பக்கத்தின் நாதம் கொஞ்சம் கனமானது, பி ஃப்ளாட்டுடையது கொஞ்சம் தெளிவானது. மெதுவான நீண்ட சுரங்களில் இந்த வேறுபாடு கேட்கும், வேகத்தில் கேட்காது.

ஸ்டாப் செய்த கால்சுரங்கள்

எஃப் பக்கத்தில் கையை முழுவதும் மூடினால், விரல்நிலைக்கு உரிய சுரத்துக்கு ஓர் அரைச்சுரம் மேலே ஒலிக்கும். பி ஃப்ளாட் பக்கத்திலோ ஏறக்குறைய முக்கால் சுரம் மேலே போகும். கை அடைக்கும் நீளம் மாறுவதில்லை, ஆனால் குழாய் சிறியது, அதனால் விளைவு பெரிதாகிறது. ஸ்டாப் சுரத்தைப் பி ஃப்ளாட் பக்கம் வாசிக்காதே என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். நமக்கு அதுவே வசதி. பி ஃப்ளாட் பக்கத்தில் ஸ்டாப் செய்தால் கால்சுரம், எஃப் பக்கத்தில் ஸ்டாப் செய்தால் சாதாரணச் சுரம். சி ஷார்ப்5+ க்குப் பி ஃப்ளாட் பக்கத்தில் சி5 பிடித்து ஸ்டாப் செய்யுங்கள். கை அளவைப் பொறுத்து இந்த முக்கால் சுரம் மாறும், அதனால் டியூனர் வைத்து உங்கள் எண்ணைக் கண்டுபிடித்த பிறகே நம்புங்கள்.

பாதி வால்வு அழுத்திக் கால்சுரம் வாசிக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. சறுக்கலுக்கு அது அழகு. நிலையான சுருதிக்கு உதவாது. வால்வின் நிலை ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் சுரம் மாறும், நாதமும் காற்றாகக் கரகரக்கும்.

பழகும் வரிசை

முதல் வாரம் ஹார்னை வாயில் வைப்பதற்கு முன் பாடுங்கள். இ, இ+, எஃப் என்ற மூன்றையும் டியூனரின் துணையோடு பாடத் தெரியாமல் வாசிக்க முடியாது. பிறகு அதையே வாசியுங்கள்: எஃப் பக்கம் 0 பத்தாவது, எஃப் பக்கம் 2 பதினொன்று, எஃப் பக்கம் 1 பன்னிரண்டு. அடுத்தடுத்த மூன்று சீரிசைகள் மூன்று விரல்நிலைகளில் வருவதால் இது நல்ல தொடக்கம். முதல் இ மட்டும் 14 சென்ட் குறைவாக இருக்கும், அதைக் கையால் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு சுரமும் நான்கு எண்ணிக்கை, நடுத்தரப் பலத்தில். சுரம் சரியாக விழவில்லை என்றால் நடுவில் திருத்த வேண்டாம், நிறுத்தி மீண்டும் தொடங்குங்கள். நடுவில் வளைத்துச் சரிசெய்யும் பழக்கம் வந்துவிட்டால் வேகமான இடத்தில் எப்போதும் தவறான சுரத்தில் தொடங்கி நழுவிக்கொண்டிருப்பீர்கள். அடுத்து தாவல்கள்: ஜி4-இலிருந்து இ5+, சி5-இலிருந்து எஃப்5+. கால்சுரத்தைத் தனியாகப் பிடிப்பதைவிட ஒரு தாவலின் முடிவில் பிடிப்பதுதான் இசைத்தாளில் கேட்கப்படும். நாளுக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும். அதன்பின் ஐந்து நிமிடமாவது சாதாரண ஸ்கேல் வாசித்து முடியுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் நல்ல எஃப் ஷார்ப்பும் நட்டநடுவில் போய் நிற்கும்.

சுரம் அடிக்கடி உடைந்தால், பெரும்பாலும் அதிகமான சீரிசை எண்ணில் வாசிக்கிறீர்கள் என்று அர்த்தம். அதே சுரத்துக்கு எண் குறைவான மாற்று இருக்கிறதா என்று பாருங்கள்.

தாளில் உள்ளதை வாசிக்கும் முன்

ஒற்றைச் செங்குத்துக் கோடு உள்ள ஷார்ப் கால் ஏற்றம், மூன்று கோடு உள்ளது முக்கால் ஏற்றம், இடம் வலமாகத் திருப்பிய ஃப்ளாட் கால் இறக்கம். அம்புக்குறி போட்ட குறிகள் மட்டும் எழுதுபவருக்கு எழுதுபவர் மாறும். சிலருக்கு அது கால்சுரம், சிலருக்கு அதைவிடச் சிறிய ஏற்ற இறக்கம். முன்னுரைக் குறிப்பைப் படிக்காமல் பென்சிலை எடுக்காதீர்கள்.

அதைவிட முக்கியமான கேள்வி: கேட்பது கால்சுரமா, இயற்கைச் சீரிசையா? பெஞ்சமின் பிரிட்டன் 1943-இல் எழுதிய டெனர், ஹார்ன், தந்திக் கருவிகளுக்கான செரினேடின் முதல், கடைசிப் பகுதிகள் இயற்கைச் சீரிசையில்தான் வாசிக்கப்பட வேண்டும். தனி ஹார்னோடு நான்கு இயற்கை ஹார்ன்களும் வரும் லிகெட்டியின் ஹாம்பர்க் கான்செர்ட்டோவிலும் சீரிசைகளே மூலப்பொருள். அத்தகைய இடங்களில் ஏழாம் சீரிசையை 31 சென்ட் தாழ்விலேயே விட்டுவிட வேண்டும். கையால் 50-க்கு இறக்குவது கவனமாகச் செய்த தவறு.

இசையமைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எஃப் பக்கத்தை இறக்கி வாசிக்கச் சொல்வதென்றால், ஸ்லைடுகளை நகர்த்த அரை நிமிடமாவது ஓய்வு கொடுங்கள். நான்கு ஸ்லைடுகள் நகர வேண்டும், திரும்பவும் இன்னொரு ஓய்வு வேண்டும். பதினொன்றாம் சீரிசையை நம்பி எழுதினால் சுரத்துக்கு மேலே சீரிசை எண்ணையும் பக்கத்தையும் குறியுங்கள், '11, எஃப், 2' என்பதுபோல. வாசிப்பாளர் அதைப் பார்த்ததும் விரல் வைப்பார், தேடிக்கொண்டிருக்க மாட்டார்.